டயர்ப் படிகள்

புதிதாக மழித்த தலைக்கு ஒரு நிறம் உண்டு. முகமும் கழுத்தும் வெயிலில் கறுத்திருக்கும். தலை மட்டும் வெளிறிப்போய், வேறு யாருடையதையோ எடுத்து வைத்தது மாதிரி தெரியும். அன்று காலை ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற தேவாவின் தலை அப்படித்தான் இருந்தது.

இரண்டு கையிலும் ஏந்திய வாழை இலை. இலையில் பிண்டம். கரையில் பண்டாரம் மாரிமுத்து அண்ணன் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தேவாவின் அம்மா, மனைவி செல்வி, தாய்மாமா, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். தேவாவின் அப்பா இறந்து அன்று பதினாறாம் நாள்.

நான் ஆற்றின் மேல்பக்கத்தில், குப்பை அள்ளும் படகில் இருந்தேன். கையில் நீளமான கொக்கி. எங்களுக்கு நடுவே நாற்பது அடி இருக்கலாம். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

நான் கூப்பிடவில்லை.

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் அன்னாசித் தோட்டம், கோழிப் பண்ணை, சிங்கப்பூரில் கப்பல் துரு சுரண்டிய காலம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஆற்று வேலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

மிதக்கிறதை எடு

சிங்கப்பூருக்கு இக்கரையில் தெப்ராவ் பக்கம், தொழிற்சாலைகளுக்கும் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் நடுவில் ஓடுகிற ஆறு அது. பெயர் வேண்டாம். ஆறு என்று சொன்னால் அங்கே சிலர் சிரிப்பார்கள். "பெரிய லோங்காங்" என்பார்கள், பெரிய சாக்கடை என்று. சுற்றியுள்ள சாக்கடை எல்லாம் அதில்தான் வந்து சேரும்.

அதைச் சுத்தம் செய்யும் குத்தகையை எடுத்திருந்த ஒருவரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. யாரிடமும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்று கேள்விப்பட்டுத்தான் சேர்ந்தேன்.

ஆற்றுக்குக் குறுக்கே ஆரஞ்சு நிற மிதவைகளைக் கோத்துக் கட்டியிருப்பார்கள். மேலிருந்து வரும் குப்பை அதில் மோதி நிற்கும். தட்டைப் படகில் போய்க் கொக்கியாலும் வலையாலும் அதை அள்ளிக் கூடையில் போட்டு, கரையில் நிற்கும் லாரியில் ஏற்ற வேண்டும். போத்தல், மெத்தை, ஹெல்மெட், பொம்மை, அரிசி வேகவைக்கும் சட்டி. பெரிய மழைக்கு மறுநாள் ஒரு குளிர்பெட்டி கதவைத் திறந்தபடி வந்தது. உள்ளே முட்டைகள் அடுக்கினது அடுக்கினபடியே இருந்தன.

படகில் என்னோடு வாவான். இந்தோனேசியாக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். என்னை "பாங்" என்று கூப்பிடுவான். மலாயில் அண்ணன். நாள் முழுக்கப் பேசுவான். அவன் பேச, நான் தலையாட்ட, அப்படியே எங்களுக்குச் சரியாக இருந்தது.

எங்களை மேய்க்கும் மண்டோர் பாக் மான் என்கிற வயதான மலாய்க்காரர். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குப் போவதற்கு முன் பாலத்தில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவார். எப்போதும் ஒரே இடத்தில் நின்று, மிதவைக்குக் கீழ்ப்பக்கம் தெரிகிற மாதிரி எடுப்பார். அந்தப் படத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தெரிந்தால் அவருக்குத் திட்டு விழும். அவருக்கு விழுந்தால் எங்களுக்கும் விழும்.

மிதவைக்குச் சற்றுக் கீழே, வலது கரையில் ஒரு பெரிய குழாய். அது எந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரும்பாலான நாட்களில் அதில் சும்மா தண்ணீர் சொட்டும். சில காலைகளில் தேநீர் நிறத்தில் வரும். ஒரு தடவை பால் மாதிரி வந்தது. நாங்கள் பாக் மானைக் கூட்டிவந்து காட்டினோம்.

அவர் குனிந்து பார்த்தார். படம் எடுத்து அனுப்பினார். பிறகு எங்களிடம் மலாயில் சொன்னார்:

"மிதக்கிறத நாம எடுக்கணும். கரைஞ்சது நம்ம வேலை இல்ல."

அதற்குப் பிறகு நாங்கள் காட்டுவதை விட்டுவிட்டோம்.

"உங்க ஆளு வந்திருக்காரு"

குப்பையோடு சாமியும் வரும். கண்ணாடி உடைந்த முருகன் படம், மூக்குப் போன பிள்ளையார், காய்ந்த மாலை, பழைய காலண்டரில் கிழித்த லட்சுமி. வீட்டை மாற்றும்போது குப்பைத் தொட்டியில் போட மனம் வராமல் ஜனங்கள் ஆற்றில் விட்டுவிடுவார்கள்.

வாவான் அதைத் தொடமாட்டான். பயம் கொஞ்சம், மரியாதை கொஞ்சம். கொக்கியை ஓரமாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவான்.

"பாங், உங்க ஆளு வந்திருக்காரு. நல்லா நீச்சல் தெரியும் போல."

நான் கையால் எடுத்துக் கழுவி, கரையில் ஒரு மரத்தடியில் சாய்த்து வைப்பேன். கொஞ்ச நாளில் அந்த மரத்தடியில் பதினைந்து இருபது சாமிகள் சேர்ந்துவிட்டன. அதைப் பார்த்துத்தான் மாரிமுத்து அண்ணன் முதன்முதலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கி வந்தார்.

எங்கள் வட்டாரத்தில் சாவு, கருமாதி என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒல்லியான ஆள். வெற்றிலை போட்டுப் போட்டு வாய் சிவந்திருக்கும். சாம்பிராணிப் புகையிலேயே முப்பது வருஷம் இருந்ததால் மூக்கு போய்விட்டது என்று அவரே சொல்வார்.

"இந்தச் சாமிங்கள யாருய்யா இங்க குடி வச்சது?"

நான் கையைத் தூக்கினேன்.

"பேச மாட்டியா தம்பி? சோறு வேணும்னாலும் கையத்தான் தூக்குவியா?"

வாவான் விழுந்து விழுந்து சிரித்தான். தமிழ் தெரியாமலேயே.

பச்சை நாற்காலி

பேசாத பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று என் மனைவி கேட்பாள். வரவில்லை, கூடவே பிறந்தது. அவள் கோபமாக இருக்கும்போது, "உங்ககிட்ட பேசுறதுக்கு அந்த ஃபேன்கிட்ட பேசலாம், அதாவது தலைய திருப்பும்" என்பாள்.

பெக்கான் நானாஸில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படித்தபோது, ஒரு நாள் காலையில் சீக்கிரம் போய்விட்டேன். ஒருவர் வாத்தியார் நாற்காலிக்குப் பச்சைச் சாயம் அடித்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பார்த்தேன். பிள்ளைகள் வந்தார்கள். மணி அடித்தது. வாத்தியார் வந்தார். வெள்ளைக் கால்சட்டை. அவர் உட்காரும்வரை என் வாய்க்குள் 'சார்' என்ற சொல் இருந்தது. அது வெளியே வரவில்லை.

முதலில் வந்தவன் நான் என்று தெரிந்ததும் அடி விழுந்தது, சாயத்துக்காக இல்லை. "பாத்துக்கிட்டுத்தானே இருந்த? பாத்துக்கிட்டுத்தானே இருந்த?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்.

அந்தக் காலத்தில் அன்னாசி ஆலையிலிருந்து வரும் சாக்கடை எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும். புளித்த வாடை. அம்மா ஆலையில் அன்னாசி சீவியவர். அந்தச் சாறு விரல் நுனித் தோலை அரித்துவிடும். ரப்பர் உறை போட்டாலும் உள்ளே இறங்கிவிடும். சாயங்காலம் அம்மா தலை வாரிவிடும்போது, விரல்கள் தலையில் படாமல் சீப்பு மட்டும்தான் படும். வலிக்கிறதா என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாருமே எதையும் சொல்கிறவர்கள் இல்லை.

படி கட்டினோம்

மாரிமுத்து அண்ணனுக்கு ஒரு கவலை இருந்தது. காரியம் செய்ய ஓடுகிற தண்ணீர் வேண்டும். முன்பெல்லாம் குடும்பங்களைக் கெலாங் பாத்தா பக்கம் கடலோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே அவர் வழக்கமாகப் போகும் இடத்தில் வேலி வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் கடல் வற்றினால் முழங்கால்வரை சேறு. ஒரு தடவை பிண்டம் கரையாமல் சேற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டது, நாய் வந்துவிட்டது என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் மிதவைக்குக் கீழே தண்ணீர் பார்க்க நன்றாக இருக்கும். மேலே குப்பை மலையாக நிற்க, கீழே ஒரு போத்தல்கூட இல்லாமல் ஓடும். காலை வெயிலில் மினுங்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இம்புட்டு சுத்தமா வச்சிருக்கியே தம்பி. இங்கயே வரலாமே. வயசானவங்கள எதுக்கு அவ்ளோ தூரம் இழுத்துக்கிட்டுப் போவணும்?"

என் வேலையைப் பார்த்து ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

கரை சரிவாக இருந்தது. வயதானவர்கள் வழுக்குவார்கள். ஆற்றில் வந்த டயர்களை நான் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்தில் நானும் வாவானும் கரையை வெட்டி, டயரைப் படுக்க வைத்து, உள்ளே மண்ணும் உடைகல்லும் போட்டு இடித்தோம். ஒன்பது படிகள். கடைசி இரண்டு தண்ணீருக்குள். பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாயும் நட்டோம். அதுவும் ஆற்றில் வந்ததுதான்.

பாக் மான் வந்து பார்த்தார். "குப்பை போடாம பாத்துக்க" என்றார், அவ்வளவுதான்.

படி இறங்குகிற இடம் அந்தக் குழாய்க்குக் கீழ்ப்பக்கம், அதன் தண்ணீர் ஓடிவருகிற வழியில் இருந்தது. கரை தட்டையாக இருந்தது அங்கேதான். வேறு காரணம் இல்லை.

அதற்குப் பிறகு காரியத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாரிமுத்து அண்ணன் போன் பண்ணுவார். "தம்பி, தண்ணி எப்படி?" என்பார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குண்ணே" என்பேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்வதற்காக நான் காத்திருப்பேன் என்றால் நம்புவீர்களா? எத்தனையோ குடும்பங்கள் வந்து போயின. ஒன்றும் ஆகவில்லை. பாட்டிமார்கள் படியில் உட்கார்ந்து கால் நனைத்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "இந்தப் படி கட்டினவங்க நல்லா இருக்கணும்" என்றார். நான்தான் என்று சொல்லவில்லை. சொல்லாமலேயே சந்தோஷமாக இருந்தது.

"இன்னிக்கு சரியில்ல பாங்"

தேவாவின் அப்பா காரியத்துக்கு முந்தின நாளும் அதே மாதிரி போன் வந்தது. அதே பதிலைச் சொன்னேன். அப்போது அது உண்மை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் வாவானும் கரைக்கு வந்தபோது கண் எரிந்தது. தின்னர் டப்பாவைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி. வாவான் சட்டையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டான்.

குழாய் அருகே போய்ப் பார்த்தோம். வெள்ளையாக இல்லை, கறுப்பாக இல்லை. நிறமே இல்லை. தண்ணீருக்கு மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கரையோரம் விரல் நீள மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

"இன்னிக்கு சரியில்ல பாங்," என்றான் வாவான். "உங்க ஆளுங்க வராங்கதானே? வேணாம்னு சொல்லிடுங்க."

போனை எடுத்தேன். மாரிமுத்து அண்ணன் பெயரைத் திரையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்நேரத்துக்கு அவர்கள் தலை மழித்திருப்பார்கள். சோறு வடித்திருப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள். இத்தனை பேரையும் வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? 'நேத்துதானே சுத்தம்னு சொன்ன?' என்று கேட்டால் என்ன சொல்வது? நாற்றம் என்றா? இந்த ஆற்றில் எந்த நாள் நாற்றம் இல்லை? ஒருவேளை அவர்கள் வருவதற்குள் அது ஓடிப்போய்விடும். ஓடுகிற தண்ணீர்தானே.

இப்படியெல்லாம் யோசித்தேன் என்று எழுதுகிறேன். அப்போது இவ்வளவு தெளிவாக இல்லை. பேச வேண்டியிருக்கிறதே என்பது மட்டும்தான் தெரிந்தது. போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் செருகினேன்.

"சொல்லிட்டீங்களா பாங்?"

தலையாட்டினேன்.

பிறகு படகை எடுத்துக்கொண்டு மிதவைக்கு மேலே போய்விட்டேன். அங்கே அன்று அவ்வளவு அவசரமான குப்பை இல்லை.

மூன்று முழுக்கு

எட்டரை மணிக்கு இரண்டு வேனில் வந்தார்கள். மாரிமுத்து அண்ணன் முதலில் சாம்பிராணி போட்டார். புகை கரை முழுக்கப் பரவியது. அங்கே நின்ற யாருக்கும் வேறு வாடை தெரிந்திருக்காது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். காரியத்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்தால் யார் ஏன் என்று கேட்பார்கள்?

வாவான் என்னைப் பார்த்தான். "பாங், வந்துட்டாங்களே. சொன்னீங்கதானே?"

நான் கரையைப் பார்த்தேன். தேவா படியில் இறங்கிக்கொண்டிருந்தார். இரும்புக் குழாயைப் பிடித்து, ஒவ்வொரு டயராகக் காலால் தடவி வைத்து. அவர் அம்மா விசும்புகிற சத்தம் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

மந்திரம் நடக்கும்போது குறுக்கே கத்தக் கூடாது என்று நினைத்தேன். முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடலாம். நான் பூட்ஸ் காலோடு, குப்பைச் சேறு அப்பிய சட்டையோடு, அழுகிற குடும்பத்தைப் பார்த்து என்னவென்று கூவுவது?

மந்திரம் முடிகிற இடத்தில்தான் முழுக்கு. அது எனக்குத் தெரியும். பலமுறை பார்த்திருக்கிறேன்.

"இலைய விட்டுட்டு, திரும்பிப் பாக்காம மூணு முழுக்கு போடுப்பா," என்றார் மாரிமுத்து அண்ணன்.

முதல் முழுக்கு. எழுந்து முகத்தை வழித்தார்.

இரண்டாவது. எழுந்ததும் தலையைச் சிலுப்பினார். ஏதோ சரியில்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை மூன்று. இரண்டோடு யாரும் நிறுத்துவதில்லை.

மூன்றாவது முழுக்கில் கொஞ்சம் அதிக நேரம் உள்ளே இருந்தார். அப்பாவுக்காக என்று நினைத்திருப்பார்.

எழுந்தபோது இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். "எரியுது, எரியுது அண்ணே" என்றார். பண்டாரத்தைப் பார்த்துச் சொன்னாரோ யாரைப் பார்த்துச் சொன்னாரோ. அடி எடுத்து வைத்தவர் படியைத் தவறவிட்டு மறுபடி உள்ளே விழுந்தார்.

வாவான்தான் குதித்தான். மிதவையில் ஏறி ஓடி, அந்தப் பக்கம் இறங்கி, அவரை இழுத்துக்கொண்டு வந்தான். நான் படகைக் கரைக்குத் தள்ளினேன். எங்கள் குடிதண்ணீர் போத்தல்களை எல்லாம் அவர் கண்ணில் ஊற்றினோம். கண்ணைத் திறக்க முடியவில்லை. செல்வி போத்தலை என் கையிலிருந்து பிடுங்கி, "திறங்க, கொஞ்சம் திறங்க, நான்தான், என்னப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஊற்றியது.

வேனில் ஏற்றிப் போனார்கள். கரையில் சாம்பிராணித் தட்டு மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

வாவான் கால் இரண்டும் கொப்புளித்திருந்தது. லாரியின் நிழலில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் கேட்டான். "நீங்க போன் பண்ணலதானே?"

மத்தியானம் அதிகாரிகள் வந்து போத்தல்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குள் குழாய் நின்றிருந்தது. படியை யார் கட்டியது என்று கேட்டார்கள். பாக் மான், தெரியாது, ஜனங்களே கட்டியிருப்பார்கள் என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். மறுநாளே படியைப் பெயர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. நானும் வாவானும்தான் பெயர்த்தோம். கட்ட மூன்று வாரம், பெயர்க்க ஒரு காலை. அந்த வெள்ளிக்கிழமைப் படத்தில் ஆறு நன்றாக விழுந்திருந்தது.

யார் சொன்னது?

தேவாவுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும். அவர் வேலை சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிப் போகிற தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுவது. எல்லைப் பாலத்தில் எந்த வரிசை வேகமாக நகரும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார் என்று அவர் கூட்டாளிகள் சொல்வார்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் மாரிமுத்து அண்ணன் பார்க்கக் கிளம்பினார். "நீயும் வா தம்பி" என்றார். ஒரு மைலோ டின் வாங்கிக்கொண்டு போனேன்.

தேவா நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். தலையில் முடி முள்ளாக வளர ஆரம்பித்திருந்தது. அவர் தாய்மாமா எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"பண்டாரம், ஒன்னு கேக்கறேன். ஒரு ஆள தண்ணியில எறக்கறதுக்கு முன்ன அது என்ன தண்ணின்னு பாக்க மாட்டியா? சுத்தம்னு யாருய்யா சொன்னது உனக்கு?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். மைலோ டின் கையில் கனத்தது. மாரிமுத்து அண்ணன் என் பக்கம் திரும்பினால் போதும். திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவர் திரும்பவில்லை.

"நான்தாங்க. என் கண்ணால பாத்துட்டுத்தான் சொன்னேன். என் மேலதான் தப்பு."

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார் மாமா. "எங்க புள்ள கண்ணுதான் போச்சு."

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது அவரே சொன்னார். "உனக்கு பேச வராது தம்பி. எனக்கு பேசுறதுதான் பொழப்பு. விடு." காலையில் எனக்கு நாற்றம் தெரிந்தது, போனைக் கையில் எடுத்தேன், பண்ணவில்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் அப்படிச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரைக் காரியத்துக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. ஆளைக் குருடாக்கின பண்டாரம் என்று பெயர் வந்துவிட்டது. இப்போது தெப்ராவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். பார்க்கும்போது, "எனக்கும் தண்ணி வேலதான் தம்பி" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் நேராகப் பார்ப்பதில்லை.

நான் ஆற்று வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றன. வாவான் ஊருக்குப் போய்விட்டான். மிதவை இன்னும் இருக்கிறது. குழாயும் இருக்கிறது.

மீன் கடையில்

போன மாதம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணே! எழுத்தாளர் அண்ணே! மீன்கிட்டயாவது பேசுவீங்களா?"

செல்வி. தலையில் நரை வந்திருக்கிறது. ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறதாம்.

"உங்க தொடர் வருதுல்ல, வாரா வாரம் வாங்கிருவேன். ஞாயித்துக்கெழம காலையில நான்தான் அவருக்கு வாசிச்சிக் காட்டறேன். கோழிப் பண்ணையில உங்கள சேவல் துரத்துனத ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாரு. அவரு சிரிச்சி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? 'இந்த ஆளா இப்படியெல்லாம் எழுதறாரு, நம்ம வீட்டு வாசல்ல டின்ன புடிச்சிக்கிட்டு நின்னாரே அவரா'ன்னு கேக்கறாரு."

நான் சில்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆத்து வேலையப் பத்தியும் எழுதுங்கண்ணே," என்றது செல்வி. பிறகு குரலைத் தணித்து, "அந்தப் பண்டாரத்தப் பத்தி எழுதுவீங்கதானே? நாலு பேருக்குத் தெரியட்டும். எங்களால எங்க போய் சொல்ல முடியும்?"

எழுதுகிறேன் என்றேன். வாயைத் திறந்து சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷமாக அவளுக்கும் தெரியாது. அவள் வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். பிறகு, "பாத்திரம் கழுவுறாரே அந்த மனுஷன்," என்றாள். அவ்வளவுதான்.

செல்வி, இந்த இதழ் சனிக்கிழமை கடைக்கு வந்துவிடும். ஞாயிறு காலை நீ இதைச் சத்தமாக வாசிப்பாய். மேலே எழுதியிருப்பதில் எந்த இடத்தில் உன் குரல் நின்றது என்று எனக்குத் தெரியாது. அவர் 'ஏன் நிறுத்திட்ட?' என்று கேட்டிருப்பார்.

தண்ணீர் சுத்தம் என்று சொன்னது பண்டாரம் இல்லை. நான். காலையில் நாற்றம் தெரிந்தது எனக்கு. மீன் சாவதைப் பார்த்தது நான். ஒன்றரை மணி நேரம் இருந்தது. நாற்பது அடிதான் தூரம். மூன்று முழுக்குக்கு நடுவில் இரண்டு தடவை அவர் தலை மேலே வந்தது, அப்போதும் நான் கூப்பிடவில்லை.

எழுதிவிட்டதால் சொன்னதாக ஆகாது. நான் எழுத, நீ வாசிக்க, உன் வாயால் அவருக்கு இது போய்ச் சேருவது இன்னொரு அநியாயம். அதனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மாரிமுத்து அண்ணனிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் வருவாரா தெரியாது. நான் வருவேன்.

அதற்குமுன் வாசித்து முடித்துவிட்டால், கதவைச் சாத்தி வைத்துக்கொள்ளலாம். நான் வெளியே நின்று, அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறேன்.